முந்திக்கொண்ட கேள்வி

சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குள் தூரே பலகையில் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் அவன் மனைவி ஹில்க்கா ஆரம்பித்துவிட்டாள்.

“ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேன்.”

“சாப்பாடு?”

“உன் எதிர்லதானே மீன் சூப்பை வழிச்சுக் குடிச்சேன்!”

“யாரையும் பார்க்கப் பிடிக்காம ஒளிஞ்சுக்கத் தோணுதா?”

“உன்னைப் பார்த்தா இப்ப அப்படித்தான் தோணுது.”

அவள் சிரிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் மனச்சோர்வு அந்த வீட்டையே முடக்கிப் போட்டிருந்தது. “குணமானாலும் திரும்ப வரலாம். தூக்கம் கெட்டாலோ, மாத்திரையை நடுவுல நிறுத்தினாலோ உஷாரா இருங்க” என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். சவுனாவில் யாருக்கும் பொய் வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்ததால், சனிக்கிழமைதோறும் விசாரணையை இங்கேதான் வைத்துக்கொண்டார்கள்.

“சரி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. போதும்” என்று எழுந்தாள் ஹில்க்கா.

“உட்காரு. ஒரு கேள்வியை விட்டுட்டியே?”

“எதை?”

“மாத்திரை.”

அவள் சட்டென்று தண்ணீரை மொண்டு சூடான கற்கள்மேல் ஊற்றினாள். ‘உஸ்’ஸென்று எழுந்த ஆவியில் அவள் முகம் மறைந்தது. இரண்டாம் முறை மொள்ளப் போன கையை அவன் பிடித்துக்கொண்டான்.

“கேக்க வேண்டியவன் நான், ஹில்க்கா. பதில் சொல்ல வேண்டியவ நீ. நான் கேட்டுடுவேன்னுதானே இன்னிக்கு முந்திக்கிட்டே?”

ஆவி மெல்லக் கலைந்தது. அவள் கண்கள் தரையில் இருந்தன.

“நல்லாத்தானே ஆயிட்டேன்னு... நிறுத்திட்டேன்.”