நாலு விரல் ஓரம்

தம் முதல் நூலை மனைவியே வடிவமைக்கத் தொடங்கியதிலிருந்து எழுத்தாளருக்கு நிம்மதி போயிற்று.

"ஓரத்துல நாலு விரல் இடத்தைச் சும்மா விட்டுட்டு, எழுத்தை ஏன் இப்படிப் பொடிசாக்கின?"

"படிக்கிறவங்க குறிப்பு எழுத வேணாமாங்க?"

'இல்லறம் இனிக்க நூறு வழிகள்' எழுதியவருக்கு வீட்டுக்குள்ளேயே குழி பறிக்கிறாளோ? அவள் கணினியைத் திருட்டுத்தனமாகத் திறந்தும் பார்த்தார். ஒரு வரிகூடக் குறையவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு முந்தின நாள் முதல் பிரதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனவள் மாலையில்தான் வெளியே வந்தாள். பிடுங்கிப் பார்த்தார்.

'மனைவியிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை' என்ற வரிக்கு எதிரே, ஓரத்தில் சிவப்பு மையில், 'நேற்று. சட்டைப் பித்தானுக்காக.' பக்கத்துக்குப் பக்கம் ஓரம் நிரம்பி வழிந்தது.

"என்னடி இது?"

"நாளைக்கு மேடையில பேசச் சொல்லி நீங்கதானே கெஞ்சினீங்க? அதுக்குத்தாங்க குறிப்பு."