உள்ளே விடாத சர்வர்

“நெட்டுப் பெட்டியை அணைச்சுப் போட்டீங்களா மேடம்?”

“போட்டேன் சார். மூணு நாளா அதைத்தான் செய்யுதேன்.”

“கேப்ஸ் லாக்?”

“அதையும் பாத்தாச்சு.”

“சரி, பழைய சாவி ஃபைலை அழிச்சிருங்க. புதுசு ஒண்ணு அனுப்புதேன், அதைப் போட்டுப் பாருங்க.”

பெமிலா போட்டாள். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு அதே சிவப்பு எழுத்து. அனுமதி மறுக்கப்பட்டது.

“உள்ள விடமாட்டேங்குது சார்.”

“அப்படியா? நாளைக்குப் பாப்போம் மேடம்.”

போனை வைத்துவிட்டான் ரெனிஷ். நாகர்கோவில் ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்.

பெமிலா தடிக்காரன்கோணத்தில், தன் வீட்டில் இருந்தபடியே அந்தச் சர்வருக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் டாக்டர் சீட்டுகளை டைப் அடிக்கிறவள். மாதம் இரண்டாயிரம் சீட்டு அடிக்க வேண்டும். குறைந்தால் வேலை போய்விடும்.

இந்த மாதம் குறைந்துவிட்டது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, பதினான்கு நாள் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், சர்வரில் எதையோ மாற்றியிருந்தார்கள். பாஸ்வேர்டு மட்டும் போதாதாம், இனி சாவி ஃபைலும் வேண்டுமாம். அன்றைக்கு அடைத்த கதவு, இன்னும் திறக்கவில்லை.

கணவன் ஜெனினுக்குக் கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டு. மழை விடாததால் மூன்று வாரமாக வெட்டே இல்லை. இப்போது அடுப்பு எரிவது இவள் விரலை நம்பித்தான்.

முதல் நாளே ரெனிஷிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

“இன்னும் ஆயிரத்து இருநூறு சீட்டு பாக்கி சார். மாசம் முடிய அஞ்சு நாளுதான் இருக்கு. எனக்க வேலை போயிரும் சார்.”

“ஒரு நாளைக்கு எத்தனை அடிப்பீங்க?”

“எம்பது. பிள்ளை ஒறங்கினா நூறு.”

போனில் அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. புகாரைப் பதிந்தாயிற்று என்று மட்டும் சொன்னான்.

நாலாம் நாள், “ஃபோல்டர்ல வேற ஆளுக்கு அனுமதி இருக்கா பாருங்க” என்றான். பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில், “கம்ப்யூட்டர்ல மணி சரியா காட்டுதா?” என்றான். சரியாகத்தான் காட்டியது.

“சார், நான் அதிகம் படிக்காதவ. என்ன தப்பு செய்யுதேன்னு சொல்லித் தாங்க சார்.”

“உங்க மேல தப்பில்ல மேடம். சர்வர் கோளாறு. கொஞ்சம் பொறுங்க.”

பொறுக்கவாம்! மாதமே இன்றோடு முடிகிறது.

அடுத்த வீட்டு சபிதா வந்து பார்த்தபோது, பெமிலா கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

“ஏட்டி, அவன் ஒன்னைச் சுத்தல்ல விடுதான். நீ சார் சார்னு குழையுதது அவனுக்கு இளக்காரம். மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டு.”

“அய்யோ, எனக்குப் பயமாக்கும்.”

“பயந்துட்டே இரு. நாளைக்கு அந்தச் சிவப்பு எழுத்தைக் கரைச்சு பிள்ளைக்கு ஊட்டு.”

பெமிலா எழுதினாள். நாலே வரி. அதற்குள் கை வேர்த்துவிட்டது.

அரைமணி நேரத்தில் மேனேஜர் சத்தியராஜே கூப்பிட்டார்.

“ஏம்மா, இதை அப்பவே சொல்லப்படாதா? ஒன் கம்ப்யூட்டர்ல ஒரு குழப்பமும் இல்ல. சர்வர் செட்டிங்ஸ்ல ஒரு வரி எழுதிப் போட்டிருக்கான் அந்தப் பய. பெமிலாங்கிற பேரை உள்ள விடாதேன்னு!”

“வேணும்னே செய்ததா சார்? நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன்?”

“அதை விடு. வரியை அழிச்சாச்சு, புகாரையும் முடிச்சாச்சு. அவனையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. நீ வேலையைப் பாரு.”

“நல்லா வேணும் அவனுக்கு” என்றாள் சபிதா.

பெமிலா வாய் திறந்து சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சர்வர் இவளை உள்ளே விட்டது. பிள்ளையை சபிதா மடியில் போட்டுவிட்டு அடித்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐந்து மணிக்கு நிமிர்ந்தபோது நூற்றுப் பதினேழு சீட்டு முடிந்திருந்தது.

ஐந்தே காலுக்கு ஆபீசிலிருந்து மெயில் வந்தது. மாத அளவை எட்டவில்லை. நாளை முதல் தாங்கள் வேலைக்குத் தேவையில்லை.

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை.

போன் அடித்தது. புது நம்பர்.

“அக்கா, நான் ரெனிஷ். இது எனக்க சொந்தப் போன். மெயில் வந்திருக்கும் இல்லியா?”

“இன்னும் என்ன வேணும்டா ஒனக்கு?” ஒருவரையும் அதட்டி அறியாத பெமிலா கத்தியேவிட்டாள். “எனக்க பிள்ளைக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

ரெனிஷ் குரலைத் தாழ்த்தினான்.

“ஆபீஸ் போன்ல பேசுததெல்லாம் ரெக்கார்டு ஆகும்க்கா, அதான் ஒண்ணும் சொல்ல முடியல்ல. சர்வர் கோளாறுன்னு புகார் தீராமக் கிடந்தா, அந்த ஆளை அந்த மாசம் வேலையில இருந்து நிறுத்தப்படாதுன்னு ஆபீஸ்ல ஒரு விதி உண்டு. ஆயிரத்து இருநூறு சீட்டு அஞ்சு நாள்ல யாராலயும் முடியாதுக்கா. அதான் நீங்க சொன்னதும் அந்த வரியைப் போட்டேன்.”

பெமிலாவின் கண் திரையில் இருந்த மெயிலுக்குப் போனது.

“இன்னைக்கு அஞ்சு மணிக்கு, நிறுத்துத ஆளுக பட்டியலை எடுத்ததும், அந்த வரியை நானே அழிச்சிருப்பேன்க்கா.”