நீச்சல் தெரியாதவர்

படகின் பின்பக்கம், அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு துளை உண்டு. அதன் மூடியை ஞானதாசன் முக்கால்வாசி தளர்த்தி வைத்தார். இன்னும் ஒரு திருகு திருகினால் ஆறு உள்ளே வந்துவிடும். மிதவைச் சட்டைகள் இரண்டையும் முந்தின நாளே எடுத்துக் கரையிலிருந்த கொட்டகையில் போட்டுவிட்டார். கேட்டால் மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

செல்வதாஸுக்கு நீச்சல் தெரியாது. அது ஊருக்கே தெரியும்.

இருவரும் பள்ளிக்கூட நாள் தொட்டு நண்பர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வரிக்கைச் சக்கைக்காக, வெறும் ஒரு பலாப்பழத்துக்காக, இருவரும் விடாமல் ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்டார்கள். சக்கை செல்வதாஸ் வீட்டுக்குப் போனது. பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகும் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ டீ கிளாஸிடமோ சொன்னார்கள்.

இப்போது ஞானதாசனின் மகள் ஜினியும் செல்வதாஸின் மகன் ஜினோவும் கல்யாணம் செய்துகொள்ள நிற்கிறார்கள். அப்பன்மார் இருவரும் நேருக்கு நேர் பேசாமல் சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க மாட்டேன் என்று போதகர் சொல்லிவிட்டார். நாளை ஞாயிறு. நாளைக்கு முதல் ஓலை வாசிக்காவிட்டால், மூன்று ஞாயிறும் வாசித்து முடிப்பதற்குள் ஜினோவின் லீவு முடிந்துவிடும். கத்தாருக்கு விமானம் ஏறிவிடுவான்.

படகு ஏற்பாடு ஜினியுடையது. துபாய் துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டிய அப்பா ஓட்டட்டும். நடு ஆற்றில் யாரும் எழுந்து போய்விட முடியாதல்லவா?

"வரும்போ ரெண்டுபேரும் பேசியிருக்கணும், கேட்டீங்களா அப்பா?" என்று தூக்குவாளியை நீட்டினாள்.

"இன்னைக்கோட எல்லாத்துக்கும் ஒரு முடிவு உண்டு மக்கா" என்றார் ஞானதாசன். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

படகு தேங்காய்ப்பட்டணத்தை நோக்கிப் போனது. இரண்டு கரையிலும் தென்னைகள். ஒரு மணி நேரம் எஞ்சின் மட்டும்தான் பேசியது.

"ஏ எஞ்சினே," என்றார் ஞானதாசன், "சிலபேரு ஓரத்துல சாஞ்சு இருந்தா படகு மறியும்ணு சொல்லிக்குடு."

செல்வதாஸ் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார். தூக்குவாளியைத் திறந்து மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார்.

"மீன்கறியே, ஒன்ன வச்ச பிள்ளைக்கு நல்ல கைப்பக்குவம். அவளுக்க அப்பனுக்குத்தான் வாய்ப்பக்குவம் இல்ல."

ஆறு கடலைத் தொடும் பொழிமுகத்துக்குச் சற்று முன்னால் ஞானதாசன் எஞ்சினை நிறுத்தினார். வலைக்காரர்கள் இல்லை. கரையில் ஆள் இல்லை. கூப்பிட்டாலும் அலைச் சத்தம் விழுங்கிவிடும்.

குனிந்து, கடைசித் திருகையும் திருகினார்.

செல்வதாஸ் முதலில் கால்களைத் தூக்கினார். பிறகு தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏ வெள்ளமே, நீ உள்ள வாறது ஆருக்காவது தெரியுமா?"

ஞானதாசன் மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

படகு ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்தது. ஞானதாசன் பத்தடி தள்ளி நீந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். செல்வதாஸ் கழுத்து வரை தண்ணீருக்குள் இருந்து கைகளை அடித்துக்கொண்டிருந்தார். அருகே ஒரு கழியில் நீர்க்காகம் ஒன்று இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"காக்கையே, நீச்சல் அறிஞ்சவன் ஆராவது பக்கத்துல கிடந்தா சொல்லு!"

நீர்க்காகம் பறந்துபோனது.

செல்வதாஸின் தாடை மறைந்தது. வாய் மறைந்தது. மூக்கும் போன பிறகு நரைத்த தலை மட்டும் ஒரு தேங்காய் போல அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. குமிழிகள் வந்தன.

ஞானதாசன் நீந்தியபடியே எண்ணினார். பத்து வரை எண்ண முடிந்தது. பதினொன்று வாயில் வரவில்லை. பாய்ந்து போய்த் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே செல்வா! எம் பேர ஒருக்கா சொல்லுலே, தூக்கிவிடுதேன்! நீ மொதல்ல பேசணும்ணுதாம்லே இந்த மூடியையே திருகி ஊரினேன்!"

பொழிமுகத்து மணல்திட்டின் மேல், இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டிருந்த செல்வதாஸ் எழுந்து நின்று, முகத்தை வழித்துவிட்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு நண்பனுக்குப் பதில் சொன்னார்: "மொதல்ல பேசினது நீதாம்லே."