ஒன்றுக்கு எட்டு

அந்தக் குதிரை இடது முன்னங்காலைத் தரையில் வைக்கத் தயங்கியது.

வளைவில் திரும்பும்போது மட்டும். ஒரே ஒரு நொடி.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தைச் சுற்றி இருநூறு பேர் நின்றிருந்தார்கள். அவர் ஒருவர்தான் அதைப் பார்த்தார். மற்றவர்கள் கையிலிருந்த ரேஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரையை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறவனுக்குப் பணம் எதற்கு?

இன்னொரு சுற்று வரட்டும் என்று காத்திருந்தார்.

அதே வளைவு. அதே கால்.

ஐந்தாம் எண். பாதிக் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டியிருந்த குதிரை.

அதன் மேல் உட்கார்ந்திருந்தவன் தினகரன். கேன்டீனில் டீ போடும் ஏகாம்பரத்தின் மகன். எடை ஏறிவிடக் கூடாதென்று மூன்று நாளாக அரை வயிறுகூடச் சாப்பிடாதவன். அவரைக் கண்டதும் சாட்டையை நெற்றியில் தொட்டுச் சிரித்தான்.

அவரும் சிரித்தார்.

பந்தயம் கட்டிய இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு குண்டுமணி நகையைக்கூட விற்றதில்லை. மாதத்துக்கு ஒரு முறைதான் கட்டுவார். தெரிந்தால் கட்டுவார், தெரியாவிட்டால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த மைதானத்தில் அவரைப் புத்திசாலி என்று சொல்லாத ஆள் கிடையாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் ஊருக்கு. இங்கே வாயை மூடிக்கொள்பவன்தான் பிழைப்பான். கட்டிய பிறகும், ஒரு ரூபாய்க்கு எத்தனை என்ற விலை பந்தயம் தொடங்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும். அதுவரை கண்ணால் கண்டதைக் கட்டிய பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஐந்தைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள். கூட்டம் மொத்தமும், ஐந்து இல்லாவிட்டால் ஜெயிக்கக்கூடிய இரண்டாம் எண் மேல் விழும். ஒன்றுக்கு எட்டு கிடைக்கிற இடத்தில் ஒன்றுக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம்.

இரண்டின் மேல் கட்டினார். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக.

கால் நோகும் குதிரை பின்தங்கும். அவ்வளவுதானே.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏகாம்பரம் ஓடி வந்தான். மகன் ஏறுகிற பந்தயம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவான்.

"அண்ணே, நீங்க பாத்திருப்பீங்களே. புள்ள ஏறியிருக்கிற குதிர எப்டி இருக்குது?"

பலகையில் இரண்டாம் எண்ணுக்கு நேராக எட்டு நின்றது. தொடங்க இன்னும் நான்கு நிமிடம்.

"ஜோரா இருக்கு, ஏகாம்பரம்."

ஏகாம்பரம் வேலியோரம் இடம் பிடிக்க ஓடினான்.

ஐந்தாம் எண் பின்தங்கவில்லை.

கடைசி வளைவில் அதுதான் முன்னால் வந்தது. வலித்தாலும் ஓடுகிற சாதி. அங்கேயே கால் மடிந்தது. பின்னால் வந்தவற்றால் நிற்க முடியவில்லை, விழுந்தவன் மேலேயே ஓடின. வெளிப்பக்கமாக வந்த இரண்டாம் எண் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஜெயித்தது.

பாவி, பாவி என்று அவர் மனம் நிஜமாகவே அடித்துக்கொண்டது.

கை மட்டும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. சீட்டு இருந்தது.

தினகரனைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தான். வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"பேச்சு மூச்சில்லண்ணே. நீங்களும் கூட வாங்க. எனக்கு இங்க வேற யாரு இருக்கா."

"நீ வண்டியில ஏறு. நான் பின்னாலேயே வர்றேன்."

வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்த்தார். பிறகு பணம் கொடுக்கும் கவுன்ட்டருக்கு நடந்தார்.

இரண்டின் மேல் கட்டியவர்கள் குறைவு. வரிசையில் அவருக்கு முன்னால் மூன்றே பேர்தான்.

ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமே போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டார்.