இருப்பில் இல்லை

ஜெசிந்தாவின் விளக்குக் கடை இணையத்தில் மட்டும்தான் இருந்தது. அங்கேயும் அது யார் கண்ணிலும் படவில்லை. தளத்தை அமைத்துக்கொடுத்த பாண்டியன் ஃபோனில் சலித்துக்கொண்டான்: "எல்லா விளக்குக்கும் ஒரே வரியத்தானக்கா போட்டிருக்கீங்க? டேட்டாபேஸ்ல பேரும் விலையும்தான் மாறுது. அப்புறம் தேடுறவங்களுக்கு எப்படிக் காட்டும்? ஒவ்வொண்ணுக்கும் தனியா எழுதுங்க."

உயரம், நிறம், வாட் என்று எழுதி எழுதி வார்த்தைகள் தீர்ந்துபோயின. "கடையை மூடித் தொலையேன்," என்றார் கணவர். கடைசியாக மிஞ்சியது, விற்காமல் கிடந்து அவளே தன் கட்டிலருகே வைத்துக்கொண்ட நீல விளக்கு. இருப்பு பூஜ்யம்; பக்கம் மட்டும் தளத்தில் கிடந்தது. வெறுத்துப்போய், மனதில் இருந்ததை அப்படியே தட்டினாள்: 'இந்த வெளிச்சத்தில் நீங்கள் அழுவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது.'

மறுவாரம், தளத்துக்குத் தேடி வந்தவர்களின் கணக்கில் ஒரே ஓர் ஆள் இருந்தார். வந்தது நீல விளக்கின் பக்கத்துக்கு. அவர் தேடிய சொற்களும் இருந்தன: 'பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் அழுவது எப்படி.'

ஜெசிந்தா நீல விளக்கின் பக்கத்தைத் திறந்தாள். வந்தவரிடம் அந்தப் பக்கம் என்ன சொல்லியிருக்கும்? 'இருப்பில் இல்லை.' பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டாள். படுக்கையறைக்கு ஓடி, படுத்திருந்த கணவரைத் தாண்டிக் கையை நீட்டி பிளக்கைப் பிடுங்கினாள்.

"பட்டப்பகல்ல அதை ஏன்டி கழட்டுற?"

"ஆள் வந்திருக்குங்க," என்றாள், அட்டைப்பெட்டியைத் தேடியபடி.