நனைந்த வயிறு

பறவை கத்திக்கொண்டே இருந்தது.

அவள் அசையவில்லை. வற்றிய குளத்தின் நடுவில், காய்ந்த புல் நிறத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

லென்ஸுக்கு நேரே நான்கு முட்டைகள்.

கூடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கட்டுகிற விஷயத்தில் ஆட்காட்டிப் பறவை பெரிய சோம்பேறி. வெறும் தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டையிட்டுவிடும்.

காவலில் அந்தச் சோம்பல் கிடையாது. வைகாசி வெயிலில் அது முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காருவதில்லை. நிழல் கொடுக்கத்தான் உட்காருகிறது. தரை கொதிக்கும் நேரத்தில் ஓடிப்போய், மிச்சமிருக்கும் சேற்றுத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமரும்.

அந்தப் படம்தான் அவளுக்கு வேண்டும். சொட்டும் வயிறு. கீழே முட்டைகள்.

பறக்கிற பறவையை ஒரு நொடி பார்த்துப் பெயர் சொல்வதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. படம்தான் வராது. கண்ணை வைத்துக்கொண்டு கேமராவை விற்றுவிடுங்கள் அக்கா என்று பறவைக் குழுவில் ஜெபராஜ் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

வீட்டுக்கு வந்தபின் சிரிக்க மாட்டாள்.

கூட்டருகே கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது குழுவின் விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

கால் மணி எப்போதோ போய்விட்டது.

பறவை ஒரு முறை நனைந்த வயிற்றோடு பாதித் தூரம் வந்தது. துணியைப் பார்த்தது. நின்றது.

நின்ற இடத்திலேயே அதன் வயிறு காய்ந்தது.

திரும்பத் தண்ணீருக்கு ஓடியது. திரும்ப வந்தது. திரும்ப நின்றது. கத்தியது.

இன்னும் கொஞ்ச நேரம்தான், பழகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முழங்கை துணியை விட்டு விலகித் தரையில் பட்டது. சுரீரென்றது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

முட்டைகளும் அதே தரையில்தான் கிடந்தன.

எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். அப்போது பறவை மறுபடியும் தண்ணீரில் இறங்கி வயிற்றை அமுக்குவது லென்ஸில் தெரிந்தது.

எழவில்லை.

இந்த முறை அது நிற்காமல் வந்தது. பயம் தெளிந்து வந்ததா, வேறு வழியில்லாமல் வந்ததா, யார் கண்டது. காலை அகட்டி, இறகை உப்பி, முட்டைகளின்மேல் நின்றது. வயிற்றிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது.

அது விழுவதற்குள் எடுத்துவிட்டாள்.

குழுவின் கண்காட்சியில் படம் வாசலுக்கு நேரே தொங்கியது. ‘தாய்’ என்று தலைப்பு வைத்தவன் ஜெபராஜ். ஆட்காட்டியில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். அது தகப்பனாகவும் இருக்கலாம். வேறு சமயமாக இருந்தால் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திருத்தியிருப்பாள்.



படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றவர் அவள் கணவர் வள்ளிநாயகம். இத்தனை வருஷத்தில் ஒரு குருவியைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனிதர். அவள் பறவை பார்க்கப் போனால் இவர் காரில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். இப்போது குஞ்சைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வெயில் என்றாள். முழங்கால் வலி என்றாள். எதுவும் எடுபடவில்லை.

அவர்கள் போனபோது ஆனி பிறந்து நாளாகியிருந்தது. குஞ்சுகள் வைகாசியிலேயே ஓட்டுக்கு வெளியே வந்து ஓடியிருக்க வேண்டும்.

நான்கு முட்டைகளும் இருந்தன.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பறவைக்குத் தெரியவில்லை.

தண்ணீர் இன்னும் சுருங்கி வெகுதூரம் போயிருந்தது. அவ்வளவு தூரமும் அது ஓடியது. வயிற்றை நனைத்தது. அவ்வளவு தூரமும் ஓடி வந்தது. இவர்களைக் கண்டதும் நின்று கத்தத் தொடங்கியது.

இந்த மனிதரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள்.

அதற்குள் வள்ளிநாயகம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏளா, நாம இங்கன நின்னா அது உக்காராது. முட்டை வெயில்ல கெடக்கு பாரு. வா, போயிருவோம்.”

சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து முன்னால் நடந்தார்.

அவளும் கழற்றினாள்.