விருந்தாளிக்கான வேகம்

கனகசபைக்கு மாடியில் குடியிருப்பவன் மேல்தான் சந்தேகம். ஒரு வாரமாக மனைவி சுகந்தாவின் போனிலும் மகளின் டேப்லெட்டிலும் இணையம் நின்று நின்று வந்தது. கனகசபையின் போனில் மட்டும் குறையில்லை.

“அவன்தான் நம்ம வைஃபையத் திருடறான். சர்வீஸுக்குச் சொல்றேன்.”

“விடுங்க, நாங்க சமாளிச்சுக்கறோம்,” என்றாள் சுகந்தா. மகளுக்கு ஒரு வகுப்பு தவறினாலே பதறுகிறவள் அவள். அந்த நிதானம் அவனை உறுத்தியது. இருந்தும் ஆளை வரச் சொன்னான்.

வந்த பெண் ரௌட்டரைத் தன் போனில் இணைத்துப் பார்த்தாள். “திருட்டெல்லாம் இல்லீங்ணா. அக்காவையும் பாப்பாவையும் இது கெஸ்ட்னு வெச்சிருக்குது. கெஸ்டுக்கு ஸ்பீடு கம்மிதானுங்க.”

“யாரு மாத்துனது?”

“யாரும் மாத்த வேண்டியதில்லீங்ணா, புது மாடல். வீட்ல பேசறது, தேடறது எல்லாம் கவனிச்சு, யாரு இருப்பாங்க, யாரு கிளம்புவாங்கன்னு அதுவே பிரிச்சுக்கும். சில சமயம் தப்பாவும் பிரிச்சுரும்.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

“பழையபடி மாத்தி உட்ரட்டுங்களாக்கா?”

சுகந்தா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை.

“வேண்டாம் கண்ணு. அது சரியாத்தான் பிரிச்சிருக்குது.”